இரைச்சலுக்குள் ஓர் ஆட்டம்

“இப்ப யாருப்பா அடிக்கிறது?”

“அந்தப் புதுப் பையன்தான். மட்டையப் பிடிச்சிருக்கிற லட்சணத்தப் பாரு, உன் புருஷன் கோடாலி பிடிக்கிற மாதிரி.”

ரோவீனா சிரித்தாள். ஜன்னலோரம் இருந்த ரேடியோவில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. உலர்ந்த சோளத்தோகைகளைக் காற்று உரசுவதுபோல இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா வெர்லின் கட்டிலில் கண்களை மூடிப் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவே புருவம் உயரும். உதடுகள் எதையோ எண்ணும்.

இந்த வசந்தத்தில்தான் பேஸ்பால் வர்ணனையை ஏஎம்மிலிருந்து எஃப்எம்முக்கு மாற்றினார்கள். பழைய அலைவரிசையை அதோடு மூடிவிட்டார்கள். எஃப்எம் ஓஸார்க் குன்றுகளைத் தாண்டி இந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. ஆட்டநாட்களில் ஆண்கள் தங்கள் பிக்கப் வண்டிகளை மேட்டிலிருக்கும் கல்லறைத் தோட்டம் வரை ஓட்டிப்போய், கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். வெர்லின் ஒருமுறைகூடப் போகவில்லை. ரேடியோ முள்ளைப் பழைய இடத்திலிருந்து நகர்த்தவும் விடவில்லை.

காலையில் நர்ஸ் டார்லா வந்து அவர் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். ரோவீனாவைச் சமையலறைக்கு அழைத்து, தம்பி வருவதாக இருந்தால் இன்றைக்கே வந்துவிடட்டும் என்றாள். தம்பி டுவெய்ன் டல்சா நகரத்திலிருந்து கிளம்பியிருந்தான். பண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவன். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் அந்தப் பழைய அலைவரிசை குன்றுகளைத் தாண்டி டல்சா வரைக்கும் போகும். அங்கே அவனும் அதே குரலைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்பது அப்பாவுக்குத் தெரியும். அவர்களுக்குள் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். வசந்தத்தோடு அதுவும் போயிற்று.

டுவெய்ன் வருகிறான் என்று அவள் சொன்னபோது வெர்லின் ரேடியோ பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, “ஆட்டம் முடியுற வரைக்கும் இருக்கேன் ரோவி. அதுக்கு மேல என்னைப் பிடிச்சு வைக்காத” என்றார்.

அதனால் மதியத்துக்கு மேல் அவள் டார்லாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மேட்டுக்கு வண்டியை எடுத்தாள். ஆட்டம் எதுவரை வந்திருக்கிறது, தம்பிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

மேட்டில் ஒரு வண்டியும் இல்லை. வெயிலில் கல்லறைக் கற்கள் மட்டும் நின்றன. எஃப்எம்மைத் திருப்பியதும் அறிவிப்பாளரின் குரல் தெளிவாக, மிக அருகில் கேட்டது. ஆட்டம் நடக்கவேண்டிய நகரத்தில் விடியற்காலையிலிருந்து மழை, மைதானம் மூடிக் கிடக்கிறது, இன்றைக்கு ஆட்டம் கிடையாது என்றது.

முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆட்டமே இல்லையென்றால் முடிவதற்கும் ஒன்றுமில்லை. பிறகுதான் அப்பா இதுவரை சொல்லிவந்த ஸ்கோரெல்லாம் நினைவுக்கு வந்தது. டுவெய்னுக்குப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது டார்லா வாசலிலேயே நின்றாள். ரேடியோவின் சத்தத்தைத் தான் சுத்தமாகக் குறைத்துப் பார்த்ததாகவும், அப்போதும் அவர் விடாமல் ஸ்கோர் சொன்னதாகவும் மெல்லிய குரலில் சொன்னாள். அந்த அமைதியில் அவர் குரலை மட்டும் கேட்கத் தாங்காமல் மறுபடி கூட்டி வைத்துவிட்டாளாம்.

ரோவீனா கட்டிலருகே உட்கார்ந்தாள். மழையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். வெர்லின் ஒரு விரலை உயர்த்தினார்.

“ஒன்பதாவது. ரெண்டு பக்கமும் சமம். பேசாம இரு.”

இந்த ஆட்டத்துக்குக் கடிகாரம் கிடையாது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது, சமமாக இருக்கும்வரை இன்னிங்ஸ் மேல் இன்னிங்ஸாகப் போய்க்கொண்டே இருக்கும். அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டு, நடக்காத ஓர் ஆட்டத்தில் யாரும் ஜெயித்துவிடக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். நம் ஆள் ஓடினால் அவன் அவுட்டாக வேண்டும் என்று நினைத்தாள். எதிரணி ஆள் ஓடினாலும் அப்படியே. அவள் சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்படி ஓர் ஆட்டத்தைக் கேட்டதில்லை.

வெயில் சாய்ந்து சுவரில் மஞ்சளாக ஏறியது. சர்ச்சிலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்த கோழி நூடுல்ஸ் அடுப்பின் மேல் ஆறிக்கிடந்தது.

“பத்தாவது” என்றார் வெர்லின். சற்றுப் பொறுத்து, “மூணாவது பேஸ்ல நம்ம ஆள் நிக்கிறான்.”

அங்கிருந்து அவன் ஓடி வந்து சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவர் புருவம் உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது.

டார்லா எழுந்து வந்து அவர் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தாள். பிறகு கையை எடுத்து, போர்வையை நேராக்கினாள். ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. முகத்தை இப்போது மூட வேண்டாம் என்று ரோவீனா கேட்டுக்கொண்டாள்.

வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. மிதியடியில் பூட்ஸைத் தேய்க்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. டுவெய்ன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அக்காவைப் பார்த்துத் தலையசைத்தான். டார்லா எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த கையை மட்டும் பார்த்தான்.

“தாமதமாயிடுச்சுப்பா” என்றான். “நம்ம பழைய லாரிதான், அதுல எஃப்எம் எடுக்காது. சும்மா ரேடியோவப் பழைய இடத்துல திருப்பி வெச்சேன். வழி பூரா ஆட்டத்தக் கேட்டுக்கிட்டேதான் வந்தேன்.”

ரோவீனா சுவரில் சாய்ந்து நின்றாள்.

“பத்தாவதுல, மூணாவது பேஸ்ல நம்ம ஆள் நின்னான். ஓடைப் பாலத்துக்கிட்ட வந்ததும் விட்டுப்போச்சு.” அவன் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டான். “அப்புறம் என்னாச்சுன்னு சொல்லுங்கப்பா.”