தூக்குவாளியில் வந்தவள்

என் தம்பி உக்கிரபாண்டியின் மகள் தங்கலட்சுமி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தது எண்பத்தெட்டாம் வருசத்தில். அவன் வீட்டோடு இருக்கும் அக்கா நானும் அவனோடு அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போனேன். கரைத்ததும் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். என் தம்பி என்றைக்கு முறைப்படி நடந்தான்? பார்த்தான்.

கடல் உள்வாங்கிக் கிடந்தது. சாம்பல் கொஞ்சம் ஒரு பாறைக் குழியில் தேங்கியிருந்தது. அதற்குள் விரல் நீளத்துக்கு ஏதோ ஊர்ந்தது. ஓடில்லாத கடல் நத்தை என்றார் மீன்காரர் ஒருவர். கருநீல உடம்பு, மஞ்சள் ஓரம், தலையில் இரண்டு சின்னக் கொம்பு. நீலத்தில் மஞ்சள் கரை போட்ட தாவணியோடுதான் தங்கத்தை எரித்திருந்தோம்.

தூக்குவாளியில் கடல்நீரோடு அதை எங்கள் ஊர் திருச்சுழிக்கே கொண்டுவந்துவிட்டான். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மகள் போனதிலிருந்து படுத்த பாயை விட்டு எழாத அவன் பெண்டாட்டி முத்துத்தாய், வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். அன்று சோறு தின்றாள். 

"தங்கம்" என்று அவள் கூப்பிட்டால் அது கொம்பை நிமிர்த்தும். கிறுக்கு என்று சிரித்தேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து "சுப்பம்மா" என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. "தங்கம்" என்றேன். மெள்ள என் பக்கம் திரும்பியது. 

நாலாம் நாள் மத்தியானம், முத்துத்தாய் வெகு நாளைக்குப் பிறகு களை எடுக்கப் போயிருந்தாள். வாளித் தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அது சுருண்டு கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை எப்படி இந்த உப்பில் கிடக்கும்? இரண்டு மைல் நடந்து ஊருணியிலிருந்து நான் சுமந்துவந்த நல்ல தண்ணீர், விருந்தாளிக்கே அளந்து கொடுக்கும் தண்ணீரை, வாளி வழிய ஊற்றினேன்.

"குடி தாயி," என்றேன்.

அது முறுக்கிக்கொண்டது. ஊதியது. நீரெல்லாம் ஊதா நிறத்தில் கலங்கியது. தெளிந்தபோது அடியில் நிறமற்ற தோல் மட்டும் கிடந்தது.

முத்துத்தாய் வந்து வாளிக்குள் பார்த்தாள்.

"மதினி, கடல்ல பொறந்ததுக்கு நல்ல தண்ணியவா ஊத்துனீக?"

"ஆமா. தவிச்சுக் கெடந்துச்சு."

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. கொல்லைக்குப் போய், சாவு விழுந்த வீட்டுக்காரி மாதிரித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஒரு பூச்சிக்கு யாராவது தீட்டுக் கழிப்பார்களா என்று கேட்கத்தான் பின்னாலேயே போனேன்.  அவள் கீழே வைத்த செம்பை எடுத்து நானும் தலையில் ஊற்றிக்கொண்டேன்.