ஆக்கிம் தட்டிய பாட்டு

என்டோலாவில் ஒலிப்பதிவுக்கு நாள் குறித்தபோது, கசோண்டே குழியிலிருந்து உயிரோடு வெளியே வந்து பதினொரு வாரம் ஆகியிருந்தது. 1974ஆம் வருடம் அது. அவனுக்கு இருபத்து நான்கு வயது. கிட்வே பக்கத்துச் செம்புச் சுரங்கம் ஒன்றில் வாரம் ஆறு நாள் பூமிக்கடியில் வேலை, சனிக்கிழமை மாலை குடியிருப்பின் பொது மண்டபத்தில் பாட்டு. கிதார் வாசித்த ரோட்வெல்லும், டிரம் அடித்த வைட்சனும், பாடிய கசோண்டேயும் சேர்ந்து ஆரம்பித்த குழுவுக்கு ‘ஹெல்மெட்ஸ்’ என்று பெயர். மூவருமே சுரங்கத்துக்காரர்கள் என்பதால் பெயர்க்காரணம் யாரும் கேட்கவில்லை.

குழியில் அவனுக்குக் கூட்டாளி ஆக்கிம் ப்வெம்பியா. எட்டு வயது மூத்தவர். கசோண்டே முணுமுணுக்க ஆரம்பித்தாலே, “நீ பாடுறது கேட்டு எலியெல்லாம் மேல போக லிஃப்ட் கூண்டு கேக்குதுடா” என்பார். ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை கூரைப்பாறை சரிந்தது. ஆக்கிம் அந்தப் பக்கம், கசோண்டே இந்தப் பக்கம், நடுவில் லாரி லாரியாகக் கல். கசோண்டேக்கு மிஞ்சிய இடம் ஒரு கட்டில் அளவு. உட்காரலாம், நிற்க முடியாது. தலைவிளக்கு அணைந்துபோனது. சுவரோரமாக ஓடிய காற்றுக்குழாய் மட்டும் பாறைக் குவியலுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் குழாயில் மூன்று தட்டு கேட்டது. கசோண்டே ஒரு கல்லைத் தேடி எடுத்து மூன்று தட்டினான். அங்கிருந்து மூன்று, இங்கிருந்து மூன்று. அப்படியே மணிக்கணக்கில் போயிற்று. அந்தச் சத்தம் இருந்தவரை கசோண்டேக்குப் பயம் கூடப் பெரிதாக இல்லை.

பிறகு, அவன் தட்டும்போதெல்லாம் மேலிருந்து பொடி உதிர ஆரம்பித்தது. முதலில் முகத்தில் மண். அடுத்து ஒரு கல் தோளில் விழுந்தது. அவன் கை நின்றுவிட்டது. அந்தப் பக்கத் தட்டு நிற்கவில்லை. மூன்று, பிறகு பதிலுக்கான இடைவெளி, மறுபடி மூன்று. கசோண்டே குழாயின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வை வாங்கிக்கொண்டு கிடந்தானே தவிர, பதில் தரவில்லை. எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது. ஒரு முறை இரண்டு தட்டு வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

மீட்புக்காரர்கள் அவனை இழுத்து வெளியே போட்டபோது, அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொன்னான். ஆக்கிமை எடுக்க இன்னும் இரண்டு நாள் பிடித்தது.

சாவு வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்த ஆக்கிமின் மனைவி அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். மூத்த பெண் கலுபாவின் பெயரால் எல்லோரும் அவளை பானா கலுபா, கலுபாவின் அம்மா, என்றுதான் அழைப்பார்கள்.

“ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

“இல்ல பானா கலுபா. பாறை விழுந்த அந்த நிமிஷமே. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

அவள் நீளமாக மூச்சு விட்டாள். அந்த மூச்சுக்காக அவன் எந்தப் பொய்யையும் சொல்லியிருப்பான்.

என்டோலா ஒலிப்பதிவுக்கூடம் என்பது ஒரு கடையின் பின்னறை. சுவரெங்கும் முட்டை அட்டையும் கம்பளியும். வெளிச்சத்தம் புகாமல் இருக்கக் கதவை வெளியிலிருந்து இறுக்கிச் சாத்துவார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே யாரும் அசையக் கூடாது. அக்டோபர் வெயிலில் அந்த அறை அடுப்பு போல இருந்தது. இரண்டு நாளில் முழு இசைத்தட்டும் முடியவேண்டும். இரண்டாம் நாள் மதியம் எட்டுப் பாட்டு முடிந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் கணக்குப் பார்த்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் நாலு நிமிஷம் காலியாகக் கிடக்கிறது, ஏதாவது போடுங்கள் என்றார்.

ரோட்வெல் கிதாரைக் கரகரக்க வைக்கும் பெட்டியை மிதித்து ஏதோ ஒரு சுற்று வாசிக்க ஆரம்பித்தான். வைட்சன் பின்னாலேயே வந்தான். கதவு சாத்திய சத்தத்திலிருந்தே கசோண்டேக்கு மூச்சு அடைத்தது. கையில் தேநீர் கலக்கிய கரண்டி இருந்தது. அதால் ஒலிவாங்கிக் கம்பத்தைத் தட்டினான். மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. அவன் யோசித்துச் செய்யவில்லை. வாயிலிருந்து வார்த்தை வந்தது: கொங்கொன்ஷா, தட்டு, எனக்குக் கேட்கிறது, நான் உள்ளே இருக்கிறேன், தட்டு. நாலு நிமிஷம் அதையே திரும்பத் திரும்பப் பாடினான். கடைசியில் குரல் உடைந்து கத்தலாயிற்று. விளக்கு அணைந்து கதவு திறந்ததும் வெளியே ஓடிப்போய்ச் சாக்கடையோரம் வாந்தி எடுத்தான்.

திரும்பி வந்து, இந்தப் பாட்டு மட்டும் வேண்டாம் என்றான்.

“பைத்தியமாடா உனக்கு?” என்றான் ரோட்வெல். “இதுவரைக்கும் நாம போட்ட எட்டும் ஒண்ணு, இது ஒண்ணு. ஏன் வேணாம்கிற?”

சாவு வீட்டில் கசோண்டே சொன்ன பொய் அதற்குள் பானா கலுபாவின் வீட்டில் குடியேறிவிட்டது. கீழே என்ன நடந்தது என்று ரோட்வெல்லுக்குத் தெரிந்தால் வைட்சனுக்குத் தெரியும், சனிக்கிழமைக்குள் குடியிருப்புக்கே தெரியும்.

இசைத்தட்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. அட்டையில் மூவரும் தலைக்கவசத்தோடு நின்றார்கள். மற்ற எட்டுப் பாட்டையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வானொலியில் நம் நாட்டுக்காரர்கள் பாட்டுத்தான் வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருந்த காலம் அது; ‘கொங்கொன்ஷா’ காலையும் மாலையும் ஓடியது. காதலன் இரவில் வந்து கதவைத் தட்டுகிறான் என்று ஜனங்கள் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். மதுக்கடையில் மேசையைத் தட்டினார்கள், பேருந்தில் கம்பியைத் தட்டினார்கள். ரோட்வெல்லும் வைட்சனும் சுரங்க வேலையை விட்டார்கள். கசோண்டே குழிக்குள் இறங்குவதை மட்டும் விட்டுவிட்டு, மேலே, இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுக்கும் விளக்கறையில் வேலை வாங்கிக்கொண்டான்.

லுவான்ஷா, சிங்கோலா, எல்லை தாண்டி லுபும்பாஷி வரைக்கும் போனார்கள். எங்கே போனாலும் முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே கூட்டம் தட்ட ஆரம்பித்துவிடும். ஆயிரம் பேர் காலால் தரையில் மூன்று முறை மிதித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த இடைவெளியில்தான் கசோண்டே பாடவேண்டும். அந்த ஒரு நொடியில் கூரை அவன் தலைக்குமேல் தாழ்ந்துவரும். வாயில் மண்ருசி வரும். பாடுவான். பாடாமல் இருந்தால் மறுபடியும் மூன்று மிதிப்பார்கள்.

புதுப் பாட்டுகள் போட்டார்கள். இரண்டாவது இசைத்தட்டும் வந்தது. யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எழுபத்தொன்பதில் அவன் குழுவை விட்டு விலகினான். விலகி என்ன, ஊரில் அவன் பெயரே கொங்கொன்ஷா என்றாகிவிட்டது. விளக்கறை ஜன்னலில் விளக்கு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் பலகையில் மூன்று தட்டிவிட்டுச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். திருமணம் செய்துகொண்டான், மனைவியிடமும் சொல்லவில்லை. தூக்கத்தில் ஏன் சுவரில் கை வைத்துக்கொள்கிறாய் என்று அவள் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள்.

பானா கலுபாவின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. வீட்டு வாசலில் மாவு உருண்டை பொரித்து விற்றாள். எதிரே மதுக்கடை. நாள் முழுக்க அந்தப் பாட்டு அவள் காதில்தான். அவன் சுற்றுவழியாகப் போய்வந்தான். எப்போதாவது எதிர்ப்பட்டால், “உன் பாட்டைக் கேட்டாத்தான்ப்பா எனக்கு எண்ணெயே காயுது” என்பாள்.

தொண்ணூறில் கலுபாவுக்குக் கல்யாணம். ஆக்கிமின் நண்பன் வராமல் இருக்க முடியாது, போனான். சாப்பாடு முடிந்ததும் பானா கலுபாவே வந்து அவன் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினாள். யாரோ ஒரு கிதார் கொண்டுவந்தார்கள். பெண்கள் குவளையில் மூன்று தட்டினார்கள். அவன் பாடினான். பானா கலுபா தோளைக் குலுக்கிக்கொண்டு அவன் முன்னால் ஆடினாள். அவள் முகத்தில் அத்தனை வருடத்தில் அவன் பார்த்திராத சந்தோஷம். அன்றைக்குத்தான் இதை இனி ஒருநாளும் சொல்ல முடியாது என்று அவனுக்கு உறுதிப்பட்டது.

ரோட்வெல் செத்துப்போனான். வைட்சனும் போனான். 2012இல், கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டு நிறுவனம் ஹெல்மெட்ஸின் முதல் இசைத்தட்டை மறுபடி வெளியிடப் போகிறது என்று லுசாகாவிலிருந்து ட்வம்போ என்ற ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்து சொன்னாள். கூடவே ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம். எட்டுப் பாட்டையும் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

“கொங்கொன்ஷாவைச் சொல்லுங்க டாட்டா. யாரு அந்தப் பொண்ணு?” பெரியவர்களை அங்கே டாட்டா, அப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

கசோண்டேக்கு அறுபத்திரண்டு வயது. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பொண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுதிக்கொண்டு போய்விடுவாள். அச்சில் ஏறிவிட்டால் பிறகு அதுதான் உண்மை. அவன் நாளைக்கு வாம்மா என்று அனுப்பிவைத்தான்.

அன்றைக்கே பானா கலுபா வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். புத்தகத்துக்காகப் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று ஆரம்பித்து, உட்காராமலே சொன்னான். குழாயைச் சொன்னான், மூன்று தட்டைச் சொன்னான், தன் கை நின்றதைச் சொன்னான். அவள் கை சோளத்திலேயே இருந்தது.

“எவ்ளோ நேரம் தட்டினார்?”

“தெரியல. ரொம்ப நேரம்.”

“நீ பதில் தரல.”

“தரல.”

“கலுபா கல்யாணத்துல நான் இதுக்கா ஆடினேன்?”

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் அந்தக் கதவைத் தட்டவில்லை. தட்ட அவனால் முடியாது.

மறுநாள் ட்வம்போ வந்தபோது, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டான். மூன்றாவது வாரம் பானா கலுபா அவன் வீட்டுக்கே வந்தாள், கலுபாவின் கையைப் பிடித்துக்கொண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, கைத்தடியை அவனிடம் நீட்டினாள்.

“எப்படித் தட்டினார்னு காட்டு. பாட்டுல இருக்கற மாதிரி வேணாம். அவர் தட்டின மாதிரி.”

அவன் மேசைமேல் தட்டிக் காட்டினான். பாட்டில் இருப்பதைவிட அது மெதுவாக இருந்தது, இடைவெளி மிக நீளமாக. எந்த இடத்தில் நீ நிறுத்தினாய் என்று கேட்டாள். காட்டினான். கடைசி இரண்டு தட்டையும் கேட்டாள். அதையும் தட்டினான். கலுபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பானா கலுபா அழவில்லை.

“அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லு. அவர் பேரு முழுசா வரணும், ஆக்கிம் ப்வெம்பியான்னு. உன் பேரு அதுக்குக் கீழ வரட்டும்.”

“சரி.”

“மன்னிச்சேன்னு நான் சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருக்காத.”

“இல்ல பானா கலுபா.”

இசைத்தட்டு மறுபடி வந்தது. புத்தகத்தில் ஆக்கிமின் புகைப்படமும் வந்தது, கலுபா தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. குடியிருப்பில் பலர் கசோண்டேயோடு பேச்சை நிறுத்தினார்கள். சிலர் தெருவில் நிறுத்தி, நீ அங்கே இருந்த நிலைமையில் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம் என்றார்கள். இரண்டுமே அவனுக்கு ஒன்றுதான். விளக்கறை ஜன்னலில் மட்டும் அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை என்று அவன் ஓய்வுபெற்ற பிறகு அங்கே வேலை பார்த்த பையன்கள் சொன்னார்கள்.

வெளியீட்டு விழா கிட்வேயில் ஒரு ஞாயிறு மதியம். கசோண்டேக்குப் பின்னால் வாசிக்க நான்கு இளைஞர்களை ஏற்பாடு செய்திருந்தார்கள். மேடையில் அவன் முதலில் ஆக்கிமின் பெயரைச் சொன்னான், நடந்ததைச் சொன்னான். கிதார் ஆரம்பித்ததும் பின்வரிசையில் யாரோ மிதித்தார்கள், பிறகு எல்லோரும் மிதித்தார்கள். தெரிந்தேதான் ஆடினார்கள். வேறு எப்படிக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கூரை எப்போதும்போலத் தாழ்ந்து வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் அது நின்றுவிடும் என்று அவன் நினைத்திருந்தான். நிற்கவில்லை.

பாட்டின் பாதியில் முன்வரிசையிலிருந்து பானா கலுபா எழுந்து போவதைப் பார்த்தான். முடித்துவிட்டு வெளியே வந்தபோது அவள் மினிபஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றிருந்தாள். கலுபா டிக்கெட் விசாரிக்கப் போயிருந்தாள். அவன் நான்கடி தள்ளி நின்றான்.

“இப்பவும் அதே வேகமாத்தான் பாடற” என்றாள் அவள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

“மெதுவாப் பாட வரல.”

“வரணும். வர்ற வரைக்கும் பாடு.”

மினிபஸ் வந்தது. ஏறக் கை கொடுக்கலாமா என்று அவன் யோசிப்பதற்குள் கலுபா ஓடிவந்து அம்மாவை ஏற்றிவிட்டாள். கசோண்டே அடுத்த வண்டிக்கு நின்றான்.