ஏழு எலும்புக்கு மட்டும் கையெழுத்து

அருங்காட்சியகத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கும் உடைந்த நாற்காலிகளை அடைத்துவைத்த அறைக்கும் நடுவில் இருந்தது ஆய்வுக்கூடம். அங்கே பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியராக இருப்பவளைக் குடும்பத்தில் ‘எலும்பு டாக்டர்’ என்பார்கள். மரியாதை ஒன்றும் இல்லை. செத்துக் கல்லானதற்குத்தானே வைத்தியம் பார்க்கிறாள் என்ற கேலி.

அன்று அவள் மேசைமேல் கட்டில் நீளத்துக்கு ஒரு கற்பலகை கிடந்தது. அதில் பழங்கால ஊர்வன ஒன்றின் எலும்புக்கூடு, தலை முதல் வால் வரை ஒரு குறையும் இல்லாமல். கோடிக்கணக்கான வருடம் பூமிக்கடியில் நசுங்கியும் அதற்கு ஒரு பல்கூட விழவில்லை. எலும்பு டாக்டருக்கு நாற்பது வயதிலேயே இரண்டு போய்விட்டன.

பலகையை அன்பளிப்பாகக் கொடுப்பவர் அவளுடைய அக்காள் கணவர், டைல்ஸ் கடைக்காரர். நான்கு மணிக்கு விழா. மாலை, மைக், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் தயார். ‘முழு எலும்புக்கூடு, அசல்’ என்ற சான்றிதழில் அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“போட்டுடும்மா,” என்று காலையிலேயே சொல்லியிருந்தார் இயக்குநர். “உன்னை நிரந்தரமாக்கற ஃபைலும் என் மேசையிலதான் இருக்கு. ரெண்டையும் சேர்த்தே அனுப்பிடலாம்.” மிரட்டல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவ்வளவு கனிவு.

இரண்டு மணிக்கு அத்தான் புதுச்சட்டை மடிப்புக் கலையாமல் வந்தார்.

“என்னம்மா, இன்னும் முடியலையா? காலையில இருந்து மூணு தடவை ஃபோன் பண்ணிட்டேன்.”

“இதை எங்க வாங்கினீங்க, அத்தான்?”

“நம்ம ஊர்க் கலைப்பொருள் கடையிலதான். வெளிநாட்டுக்காரன் கேட்டும் கொடுக்கலையாம், எனக்காக வச்சிருந்தானாம்.”

அவள் விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைப் பிடித்தாள். தலையும் நெஞ்சும் வெளிர்நீலமாக மின்னின. வால் மட்டும் மங்கலாகக் கிடந்தது.

“அழகாத்தானே இருக்கு?” என்றார் அத்தான்.

“மின்னறது பிசின், அத்தான். எலும்பு வேற மாதிரி தெரியும்.”

“வயசானா யாருக்கும் நிறம் மாறும்.”

“சரி, இதைப் பாருங்க. முன்னங்கால் ரெண்டும் இடது கால். விரிசல்கூட ரெண்டுலயும் ஒரே இடத்தில. ஒரே அச்சில வார்த்திருக்கான்.”

“ஊனமாப் பிறந்திருக்கும். பாவம், வாயில்லாத ஜீவன்.”

அவள் பெருமூச்சு விட்டு, குனிந்து, வால் எலும்பின் உடைந்த முனையை நாக்கால் தொட்டாள்.

“சீ சீ! என்ன பண்றே? உங்கக்கா பார்த்தா வீட்டுக்குள்ள விடமாட்டா!”

“அசல் எலும்புல கண்ணுக்குத் தெரியாத துளை நிறைய இருக்கும். நாக்கு ஒட்டிக்கும். காலையிலேயே எல்லாத்தையும் தொட்டுப் பார்த்துட்டேன். வால்ல ஏழு எலும்பு ஒட்டுது. மத்தது ஒண்ணும் ஒட்டல.”

“இதுக்கா அரசாங்கம் உனக்குச் சம்பளம் கொடுக்குது? அக்காமேல இருக்கிற கோபத்தை என் டைனோசர்மேல காட்டாதே.”

“அது டைனோசர் இல்ல, அத்தான்.”

“பாத்தியா, அதைக்கூட விடமாட்டேங்கறே!”

விஞ்ஞானத்தை இப்படி மூன்று முறை மண்ணைக் கவ்வவைத்த திருப்தியில் அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவள் பஞ்சில் அசிட்டோன் தொட்டுப் பலகையின் ஓரத்தைத் துடைத்தாள். வர்ணம் கரைந்து பஞ்சோடு வந்தது. அடியில் வேறொரு பழுப்பு.

அத்தான் எழுந்து வந்தார். நகத்தால் சுரண்டினார். பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். முதல் முறையாக வியாபாரியாகப் பார்த்தார், முகம் தொங்கிவிட்டது.

“இது கல்லு இல்ல.”

“அதைத்தானே…”

“சாக்லேட் பிரவுன். டைல்ஸ் இடுக்குல பூசற பொடி. இந்தக் கம்பெனிக்கு இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் ஏஜென்ட்.” விரலில் ஒட்டிய பொடியைத் தட்டிவிட்டார். “அந்தக் கடைக்காரன் போன வருஷம் முப்பது பாக்கெட் வாங்கினான். இவ்வளவு பெரிய பாத்ரூமா கட்றான்னு நினைச்சேன். தள்ளுபடி வேற கொடுத்தேன்.”

எலும்பு டாக்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சிரிக்காதே! நாளைக்கு இது வெளிய தெரிஞ்சா, நானே கடையில உக்காந்து இதைப் பண்ணிக் கொண்டாந்துட்டேன்னுதானே ஊரு பேசும்? அம்மா தாயே, அசல்னு மட்டும் எழுதிடாதே.”

அப்போது இயக்குநர் இரண்டு காகிதக் கட்டுகளோடு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டும் அவர் பதறவில்லை, பதவியில் பழுத்தவர். டீ சாப்பிடும்படி அத்தானை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அவருக்கு வேணாம்னா போகட்டும். நமக்கு வேணும். காட்சிக்கூடம் காலியாக் கிடக்கு. எந்த எலும்புக்கூடுதான் ஒட்டுப் போடாம நிக்குது, சொல்லு?”

அதில் பாதி உண்மை இருந்தது. அதுதான் அவளை எரிச்சலூட்டியது.

“இல்லாத எலும்பை நிரப்பலாம், சார். நிரப்பினது எதுன்னு சொல்லிடணும். இங்க ஏழு எலும்பைச் சாக்கா வச்சு ஒரு மிருகத்தையே நிரப்பியிருக்கு.”

அவர் சான்றிதழையும் அவளுடைய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பேனாவைத் திறந்தும் கொடுத்தார்.

ஃபைலின் மேலட்டையில் அவள் பெயர் அழகாகத் தட்டச்சாகியிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சான்றிதழில் ‘முழு எலும்புக்கூடு’ என்பதை அடித்துவிட்டு எழுதினாள்: ‘வால் எலும்புகள் ஏழு, அசல். மீதி பிசின், வர்ணம், டைல்ஸ் பொடி.’ கீழே கையெழுத்துப் போட்டாள்.

இயக்குநர் படித்தார். ஃபைலை மட்டும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இதை இன்னும் கொஞ்சம் ஆராய வேண்டியிருக்கு,” என்றார், அதே கனிவோடு. தவிர்க்க முடியாத காரணங்களால் விழா ஒத்திவைக்கப்பட்டது என்று மைக்கில் சொல்ல ஆள் அனுப்பினார்.

அத்தான் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். “உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?”

“இருக்கிற மாதிரியே இருக்கும், அத்தான். நீங்க கிளம்புங்க.”

அவர் போனதும் ஊசியும் தூரிகையும் எடுத்து, ஏழு எலும்புகளைச் சுற்றியிருந்த பொடியைச் சுரண்டத் தொடங்கினாள். ஐந்தாவது எலும்பில் ஒரு முறிவு. உயிரோடு இருந்தபோதே ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது. போலி செய்கிறவனுக்கு இது தோன்றியிருக்காது. அவனுக்கு எல்லாம் லட்சணமாக இருக்க வேண்டும். அவள் பதிவேட்டை இழுத்துவைத்து, அந்தக் கோணலை அளக்க ஆரம்பித்தாள்.