தளபதி குதிரையிலிருந்து இறங்கியது

நாற்சந்தியில் சிலையாக நின்ற வெண்கலத் தளபதி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் வண்டி வந்து போன பிறகு, குதிரையிலிருந்து இறங்கித் தரையில் நின்றுகொண்டார். ஒரு கையால் மட்டும் கடிவாளத்தைப் பிடித்திருந்தார். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் அவர் நிற்க இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு டீச்சர்தான் பதறிப்போனார். ஏனென்றால் காரணம் அவருடைய வகுப்பு.

பாடப்புத்தகத்தில் தளபதிக்கு மூன்று வரி: பிறந்தார், வென்றார், இறந்தார். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் கொட்டாவி விட்டதைப் பொறுக்காமல், டீச்சர் ஆவணக் காப்பகத்தில் கெஞ்சிக் கூத்தாடி, அவர் தன் அக்காவுக்கு எழுதிய கடிதங்களை நகலெடுத்து வந்தார். போர்க்களத்திலிருந்து எழுதியவைதான், ஆனால் போரைப் பற்றிப் பேச்சே இல்லை. காலுறை நனைந்துவிட்டது, சமையல்காரன் உப்பை மறந்துவிடுகிறான், குதிரை மேல் ஏறினாலே முழங்கால் நடுங்குகிறது, இதை யாரிடமும் சொல்லிவிடாதே அக்கா. வகுப்பு அன்றைக்குத்தான் முதன்முறையாக மூச்சுக்கூட விடாமல் கேட்டது.

“அவங்க அக்கா ஏன் டீச்சர் பதிலே போடல?” என்று கேட்டாள், மூன்று தம்பிகளை மேய்த்துக்கொண்டு பள்ளிக்கு வரும் ஒரு சிறுமி.

“போட்டிருப்பாங்கம்மா. நமக்குக் கெடைக்கல.”

“அப்ப நாங்க போடலாமா?”

விடைத்தாள் திருத்த வேண்டிய அவசரத்தில் டீச்சர் சரியென்று தலையாட்டிவிட்டார். பிள்ளைகள் எழுதிய பதில்களைக் கொண்டுபோய்க் குதிரையின் குளம்படியில் வைத்தார்கள். அந்தச் சிறுமி எழுதியது இது: “டேய் தம்பி, பயமா இருந்தா இறங்கிடு. யாராவது சிரிச்சா எங்கிட்ட சொல்லு, நான் பார்த்துக்கிறேன்.” மறுநாள் காலையில்தான் தளபதி இறங்கிவிட்டார்.

நகராட்சித் தலைவர் எகிறிக் குதித்தார். தளபதியின் நினைவு விழா நெருங்கிக்கொண்டிருந்தது, தலைநகரிலிருந்து பெரிய மனிதர்கள் வரவிருந்தார்கள். கிரேன் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். தளபதி விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. இறக்கியவர்களே ஏற்றட்டும், இல்லாவிட்டால் டீச்சரின் பணி நிரந்தர உத்தரவில் தான் கையெழுத்துப் போடுவதாக இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். வருடக்கணக்காகத் தற்காலிகமாகவே காலம் தள்ளியவர் டீச்சர். வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர். வேறு வழி தெரியாமல் கரும்பலகையில் எழுதினார்: “தம்பி, ஏறிக்கொள். அக்கா.” பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதினார்கள். டீச்சருக்கு அவர்களை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

அக்கா சொல்லைத் தட்டாத தம்பி போலிருக்கிறது. ஊரே கூடிப் பார்த்துக்கொண்டிருக்க, தளபதி பிள்ளைகள் கொடுத்த கடிதங்களை ஒன்று விடாமல் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கினார். வெண்கல முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று ஆடிய சத்தம் பேருந்து நிலையம் வரை கேட்டது. டீச்சரால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார்.

“வேணாம் தம்பி, ஏறாத! நான் தெரியாம சொல்லிட்டேன்!”

தளபதி காலை இறக்கினார். யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் மொத்தமும் திரும்பி நகராட்சித் தலைவரைப் பார்த்தது, சண்டைக்கு நிற்கும் அக்காக்களைப் போல. அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

“அட, நான் என்ன, ஏறியே தீரணும்னா சொன்னேன்? நிக்கட்டும், கீழயே நிக்கட்டும்.”

டீச்சர் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுது, மூக்கைச் சிந்தி, பிறகு சிரித்தார். அத்தனை லேசாக அவர் உடம்பு பல வருடங்களாக இருந்ததில்லை. உத்தரவு அந்த வாரமே வந்தது. விழாவும் நடந்தது. தலைநகர்ப் பெரியவர்கள் தளபதியின் தோளில் கைபோட்டுப் படமெடுத்துக்கொண்டார்கள். அந்த வகுப்புப் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். இன்றும் வெளியூர்க்காரர்கள் யாராவது குதிரை ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டால், “அவருக்குக் குதிரைன்னா பயங்க” என்று சொல்லிவிட்டு ஊரார் தங்கள் பேருந்தைப் பிடிக்கப் போய்விடுகிறார்கள்.