நகர்ந்த ஆறு, குதித்த ஆறு

மிசௌரி ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டு நகர்ந்தால், மாநில எல்லையும் அதன் பின்னாலேயே நகரும். ஒரே வெள்ளத்தில் பழைய படுகையை விட்டுக் குதித்துவிட்டால், எல்லை பழைய படுகையிலேயே கிடக்கும். வாஷிங்டனில் இருக்கும் பெரிய நீதிபதிகள் சொன்ன சட்டம் இது. அவர்களில் ஒருவராவது இந்த ஆற்றில் கால் நனைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஆறு குதித்தது. வைக்கோல் போரின் உச்சியில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்தவன் நான். சாயங்காலம் எங்களுக்குக் கிழக்கே ஓடிய ஆறு, விடிந்தபோது மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. நெப்ராஸ்காவில் படுத்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மிசௌரிக் கரையில் கண் விழித்தோம். கிழக்கே பழைய படுகை காய்ந்து, சேறும் வில்லோ புதருமாக ஆனது. அன்றிலிருந்து எங்கள் இடத்துக்குப் பெயர் 'துண்டு'.

துண்டில் நாங்கள் கண்டுபிடித்த சுகம் ஒன்று உண்டு. நெப்ராஸ்கா வரிக்காரர் படகில் வந்தால், "ஆறு நகர்ந்துச்சுங்க, நாங்க இப்ப மிசௌரி" என்போம். மிசௌரி வரிக்காரர் கோவேறு கழுதையில் படுகையைத் தாண்டி வந்தால், "ஆறு குதிச்சுச்சுங்க, நாங்க இன்னும் நெப்ராஸ்காதான்" என்போம். இரண்டு பேரும் வெறுங்கையோடு திரும்புவார்கள். எங்கள் திறமையை நாங்களே மெச்சிக்கொள்வோம்.

இதில் டார்கஸை மிஞ்ச ஆளில்லை. அடுத்த பண்ணைக்காரி, விதவை, ஒரே மகள் லொவைனாவோடு இருந்தவள். மிசௌரிக்காரர் வந்தால் வாசல்படியிலிருந்து தொப்பென்று குதித்துக் காட்டுவாள். நெப்ராஸ்காக்காரர் வந்தால் பாவாடை முன்பக்கத்தை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் அரை அடி அரை அடியாக ஊர்ந்து போவாள். "இப்படித்தாங்க வந்துச்சு. பூனை பால் சட்டிகிட்ட போற மாதிரி. பக்கத்துல வர்ற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல." வேலியோரம் நிற்கும் எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

ஒரு தடவை நெப்ராஸ்கா மாவட்ட அதிகாரிகள் வரி விஷயமாக அவளை ஆற்றுக்கு அக்கரைக்கே கூப்பிட்டு விசாரித்தார்கள். பைபிள் மேல் கை வைத்து, "நகர்ந்துச்சு" என்று சத்தியம் செய்துவிட்டு, நீதிமன்றத்தின் நடுவிலும் ஊர்ந்து காட்டினாள். அதிகாரிகளே சிரித்துவிட்டார்கள். அன்று திரும்பி வந்து கெளுத்தி மீன் பொரித்து, விஸ்கி குடித்து, ஆடித் தீர்த்தோம். எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பாலம் இல்லை, ஷெரிஃப் இல்லை. அதெல்லாம் எதற்கு என்று இருந்தோம். மடையர்கள்.

ஏசா கிரல் துண்டுக்கு வந்தது அந்தக் கதை கேட்டுத்தான். அதை அவன் மறைக்கவும் இல்லை. "எந்த ஷெரிஃபும் எட்டிப் பாக்காத ஊராமே? இந்த மாதிரி எடத்தைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்று கிணற்றடியில் சொன்னான். நாங்கள் அதற்கும் சிரித்தோம். லொவைனா அவனைக் கட்டிக்கொண்டாள். அறுவடைக்குள் அவளுடைய முன்பல் இரண்டு போய்விட்டது.

டார்கஸ் மகளை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவன் வந்து தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். தடுக்கப் போன எனக்கு விலாவில் அடி. அதன் பிறகுதான் அவள் மிசௌரி ஷெரிஃப் போடைனைப் பார்க்கப் போனாள். வண்டி ஓட்டியவன் நான்.

"ஐயா, எம்பொண்ணைக் கொன்னுடுவான். வந்து அவனைப் பிடிச்சிட்டுப் போங்க."

போடைன் நாற்காலியை விட்டு எழவில்லை. "ஏம்மா, எங்க வரிக்காரருகிட்ட படியிலேர்ந்து குதிச்சுக் காட்டுனது நீதானே? வரின்னா நெப்ராஸ்கா, அடி விழுந்தா மிசௌரியா? போ, அக்கரையில போய்க் கேளு."

படகில் அக்கரைக்குப் போனோம். நெப்ராஸ்கா ஷெரிஃப் கெஸ்லர் நல்ல மாதிரி. காப்பி கொடுத்தார், முழுவதும் கேட்டார், கடைசியில் கையை விரித்துவிட்டார்.

"டார்கஸ், பைபிள் மேல கை வெச்சு மிசௌரின்னு சொன்னியேம்மா. அந்த ரூம்ல நானும்தான் இருந்தேன். இன்னொரு மாநிலத்துக்குள்ள பூந்து ஒருத்தனைப் புடிச்சா என்னைத்தான் உள்ள போடுவாங்க."

திரும்பும்போது படகில் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "ரேன்சம், அந்தாளு அன்னைக்கு எல்லாரை விடவும் சத்தமா சிரிச்சாருப்பா."

சோளம் உரிக்கும் மாதத்தில், சோளக் களஞ்சியத்தின் வாசலில் வைத்து, கிரல் லொவைனாவை ஏர்க்கட்டையால் அடித்துக் கொன்றான். சாப்பாடு ஆறிப் போயிருந்ததாம். அவள் அலறியது என் வயல் வரை கேட்டது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அலறல் இல்லை.

நாங்கள் மூன்று பேர் அவனைக் கயிற்றால் கட்டி, வண்டியில் போட்டு, படுகையைத் தாண்டி மிசௌரிக்குக் கொண்டு போனோம். அங்கே என்னைக் கூண்டில் ஏற்றி, ஆறு எப்படிப் போனது என்று கேட்டார்கள். எதிரே டார்கஸ் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். குதித்தது என்றேன். அதுதான் உண்மை. அப்படியானால் நெப்ராஸ்கா நிலம், இந்த நீதிமன்றத்துக்கு இதில் வேலையில்லை என்று நீதிபதி எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

கிரலை அக்கரைக்குக் கொண்டு போனார்கள். அங்கேயாவது தூக்கில் தொங்குவான் என்று நான் டார்கஸுக்குத் தைரியம் சொன்னேன். அங்கே கூண்டில் ஏறியது அவளே. கிரலின் வக்கீல் மிகவும் மரியாதையாகத்தான் பேசினான்.

"அம்மா, ஆறு நகர்ந்துச்சா, குதிச்சுச்சா?"

"குதிச்சுச்சு."

"இதே கட்டடத்துல முன்னாடி நகர்ந்துச்சுன்னு சத்தியம் பண்ணீங்களே?"

"அது பொய்."

"பைபிள் மேல கை வெச்சா?"

"ஆமா."

"இப்ப கை வெச்சீங்களே, அது எந்தப் பைபிள்?"

டார்கஸ் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள். "அதேதான்" என்றாள். பின்வரிசையில் எவனோ சிரித்தான். எழுந்து போய் அவன் வாயை உடைக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. கொலை நடந்த இடம் நெப்ராஸ்கா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று ஜூரிகள் கிரலை விட்டுவிட்டார்கள். அவன் கொன்றதை ஒருவரும் மறுக்கவில்லை. அவனே மறுக்கவில்லை.

எங்கள் படகு கிளம்புவதற்கு முன்பே அவன் வேறு படகு பிடித்துத் துண்டுக்கு வந்துவிட்டான். எங்கே போனாலும் ஏதாவது ஒரு சட்டம் இருக்கும் அல்லவா? அதனால் இங்கேயே இருந்துகொண்டான். களஞ்சியத்து வாசலில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, புகையிலை மென்று துப்பிக்கொண்டிருப்பான். மகளின் கல்லறைக்குப் போக டார்கஸ் அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும்.

"என்ன மாமியாரே, பேசவே மாட்டேங்கறீங்க? கோர்ட்ல ஊர்ந்து காட்டுனீங்களாமே. ஊரே பாத்திருக்கு, மாப்பிள்ளைக்குக் காட்டக்கூடாதா?"

தினமும் இதே பேச்சு. அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம்.

பனி உருகி மண் இளகிய ஒரு காலையில் நான் வேலி கட்டிக்கொண்டிருந்தேன். கிரல் வழக்கம்போல ஆரம்பித்தான். டார்கஸ் நின்றாள். "பாக்கணுமா?" என்றாள்.

"அய்யோ, எத்தனை நாளா கேக்குறேன்!"

அவள் பாவாடை முன்பக்கத்தை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டாள். அரை அடி, அரை அடியாக அவனை நோக்கி ஊர்ந்தாள். கிரல் தொடையில் தட்டிச் சிரித்தான். "அப்படித்தான்! அப்படித்தான்!" அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. களஞ்சியத்து வாசல் வரை போனாள். அவன் முழங்கால் அவள் பாவாடையில் இடிக்கும் அளவுக்குப் போனாள். அதன் பிறகுதான் அந்த மடிப்புக்குள்ளிருந்து அவள் புருஷனுடைய பழைய துப்பாக்கி வெளியே வந்தது. அப்போதும் அவன் சிரிப்பு முழுதாக நிற்கவில்லை.

துப்பாக்கி வெடித்ததும் நான் கம்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கிரல் வாசலிலேயே செத்துக் கிடந்தான். அவள் உருண்டு கிடந்த பெட்டியை நிமிர்த்தி அதன் மேல் துப்பாக்கியை வைத்தாள். "போய் ரெண்டு ஷெரிஃபையும் கூட்டிட்டு வா, ரேன்சம். ரெண்டு பேரையும்."

வந்தார்கள். இவ்வளவு காலத்தில் அந்த இரண்டு பேரும் துண்டில் ஒன்றாக நின்றது அன்றுதான். போடைன் கழுதையிலிருந்து இறங்கினான். கெஸ்லர் பூட்ஸில் ஆற்றுச் சேறு சொட்டியது. டார்கஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு, தொப்பிக் கயிற்றைத் தாடைக்குக் கீழே கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

"யாரு சுட்டது?" என்றான் போடைன்.

"நான்தான்."

"எங்க வெச்சு?" என்றார் கெஸ்லர்.

"எம்பொண்ணு செத்த எடத்துல. அதே வாசல், அதே மண்ணு. அது எந்த மாநிலம்னு ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க. யாரு 'என் மாநிலம்'னு சொல்றீங்களோ, அவரு கூட வர்றேன். தூக்குல போட்டாலும் சரி. ஆனா சத்தமா சொல்லணும். லொவைனாவுக்குக் கேக்கணும்."

போடைன் கெஸ்லரைப் பார்த்தான். கெஸ்லர் ஆற்றைப் பார்த்தார். இந்த மண் தன்னுடையது என்று இன்று சொல்பவன், அன்று ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். போடைன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கழுதையை நோக்கி நடந்தான். கொஞ்ச நேரம் கழித்து கெஸ்லரும் படகுக்குப் போய்விட்டார்.

நாங்கள் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நின்றோம். டார்கஸ் சந்தோஷப்படவில்லை. என் வண்டியில் ஏறி, தன் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அவங்க போயிட்டாங்க. எறங்குங்க."

"வருவாங்க. ரெண்டுல ஒருத்தனுக்காவது வெக்கம் இருக்கும்."

பொழுது சாய்ந்த பிறகும் அவள் இறங்கவில்லை. நான் குதிரையை அவிழ்த்துக் கொட்டிலில் கட்டிவிட்டு வந்து, அவள் தோளில் ஒரு கம்பளியைப் போட்டேன்.