கண்ணாடி அறையில் இரண்டு கிட்டார்கள்

என் அண்ணன் எதை வாங்கப் போனாலும் முதலில் கடைக்காரரின் உயிரை வாங்குவான். அந்தச் சனிக்கிழமை வாங்கப் போனது எலக்ட்ரிக் கிட்டார். ஒரே கம்பெனி, ஒரே வடிவம், ஒரே பழுப்பு நிறம். இரட்டைப் பிள்ளைகள்போல இரண்டும் கடையின் கண்ணாடி அறையில் அவன் முன்னால் நின்றன. ஒன்று உள்ளும் புறமும் கெட்டி மரம். இன்னொன்றின் உடம்பை உள்ளே குடைந்து கூடாக்கியிருந்தார்கள். அதனால் அதில் டோன் இன்னும் கொஞ்சம் வார்மாக வரும் என்றார் கடைக்காரர்.

அண்ணனுக்கு வேண்டியதும் அதுதான். காதைக் குத்தாத, உருண்டு திரண்ட, கதகதப்பான ஒலி. வீட்டில் ஒரு மாதமாக இதே புராணம். லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குப் போகும்போதும் அதைப் பற்றியே பேசுவான், திரும்பி வந்தும் அதையே பேசுவான். கேட்டுக் கேட்டு எனக்கு வியர்த்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவன் கருவி வாங்கும்போது நான் முதுகைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அவன் சொல்லாமல் மாற்றி மாற்றி வாசிப்பான். எது நன்றாக இருக்கிறதென்று நான் சொல்ல வேண்டும். கண் பார்த்தால் காது பொய் சொல்லும் என்பது அவன் கட்சி. அன்றும் நின்றேன். நாலைந்து முறை கேட்டதில் ஒரே கிட்டாரைத்தான் நல்லது என்றேன். திரும்பிப் பார்த்தால், குடைந்த கிட்டார்.

"நான் சொன்னேன்ல," என்றான் அண்ணன், ஏதோ அவனே மரத்தைக் குடைந்ததுபோல.

"வாசிக்க மட்டுமா சார், இல்ல யாராவது கூடப் பாடுவாங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"தங்கச்சி பாடுவா."

"அப்ப மேடம் கொஞ்சம் பாடட்டும். சேத்துக் கேட்டாத்தான் தெரியும்."

"வேணாம் வேணாம். தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு. இன்னும் ஆறல."

எனக்குச் சுருக்கென்றது. தொண்டை ஆறி எவ்வளவோ நாளாகிவிட்டது. தாராளமாகப் பாடலாம் என்று டாக்டர் சொன்னபோது இவனும்தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

நடந்தது இதுதான். ஆற்றோரத்து ஓட்டலில் வாராவாரம் இவன் வாசிக்க, நான் பாடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட மணிபோலக் கணீரென்று கத்துகிறேன் என்று சின்ன வயதிலேயே எனக்கு மணி என்று பட்டம் வைத்தவன் இவன். பிறகு தொண்டையில் கட்டி வந்தது, அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய், வேறொரு குரல் வந்து குடியேறியது. அடியில் இறங்கிய, கரகரத்த குரல். நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் ஃபோனை எடுத்தால் மறுமுனையில் "சொல்லுங்க சார்" என்கிறார்கள். முதலில் திருத்தினேன். இப்போது சாராகவே பதில் சொல்லிவிடுகிறேன். குளியலறையில் மட்டும் மெதுவாகப் பாடிப் பார்ப்பேன், அதுவும் குழாயைத் திறந்துவிட்டு. அண்ணனும் என்னை மணி என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டான். வரும் வெள்ளிக்கிழமை ஓட்டல் முதலாளி எங்களைக் கேட்டுப் பார்க்கப் போகிறார். பிடித்தால் பழைய மேடை திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்.

"ஆறிடுச்சு. பாடுறேன்," என்றேன்.

அண்ணன் குடைந்த கிட்டாரை எடுத்து, நாங்கள் எப்போதும் தொடங்கும் பாட்டைத் தொடங்கினான். நான் பாடினேன். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. உண்மையில் என் காதுக்கே நான் கேட்கவில்லை. என் குரல் இறங்கி நிற்கும் அதே இடத்தில் கிட்டாரும் வந்து கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. கரகரப்பெல்லாம் போர்வைக்குள் போய்விட்டது. சொன்னால் வெட்கம், எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

"பாத்தியா, எவ்வளவு நல்லா சேருது," என்றான் அண்ணன். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

கடைக்காரர் காதைச் சொறிந்தார். "கிட்டார் பிரமாதம் சார். மேடம் பாடினதுதான் கேக்கல."

அண்ணன் என்னைப் பார்க்காமல் ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினான். திருக அங்கே ஒன்றுமில்லை. அப்போதுதான் ஒரு மாதப் புராணமும் எனக்குப் புரிந்தது. கிட்டார் வாங்கத் தெரிந்தவன், பாடுகிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிட்டாரை மட்டும் தனியாகக் கேட்பானா?

"என் குரல மூடத்தான் இத தேடினியா?"

"உனக்காகத்தான்..." என்று இழுத்தான். "அங்க யாராவது சிரிச்சுட்டா நீ தாங்க மாட்ட."

"நான் தாங்குறது இருக்கட்டும். அந்த இன்னொண்ண எடு."

எடுத்தான். அதே பாட்டு. கெட்டி மரத்தின் ஒலி ஒதுங்கி, கொஞ்சம் மேலே நின்றது. கீழே இடம் காலியாகிவிட்டது. அங்கே நான் மட்டும்தான். ஒவ்வொரு பிசிறும் எனக்கே துல்லியமாகக் கேட்டது. கடையைவிட்டு ஓடிவிடலாம்போல இருந்தது. அண்ணன்மேல் இருந்த கோபம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

இரண்டாவது அடியில் கிட்டார் நின்றது. அண்ணன் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தியிருந்தான். நான் நிறுத்தவில்லை. துணையில்லாமலே அந்த அடியைப் பாடி முடித்தேன்.

"ஏன் நிறுத்தின? அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"இல்ல." அவன் தலை நிமிரவில்லை. "ஆபரேஷனுக்கு அப்புறம் நீ பாடி நான் கேக்கவே இல்ல. நீ குளிக்கும்போது பாடினாக்கூட டிவி சத்தத்தக் கூட்டி வச்சிடுவேன். கேக்க பயமா இருந்துச்சு."

நானும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பாடினேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவன் கடைக்காரர் பக்கம் திரும்பிவிட்டான்.

"இதுக்கே பில் போட்டுடுங்க," என்று கெட்டிக் கிட்டாரைத் தட்டிக் காட்டினான் அண்ணன். கடைக்காரர் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். அண்ணன் கம்பிகளின்மேல் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"முதல்லேருந்து பாடு, மணி," என்றான். "நான் வாசிக்கல."