ஓரத்துப் பன்றி

கம்ப்யூட்டர் பெட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குரங்கணியிலிருந்து ஜீப்பில் போடிக்கு இறங்கினேன். பக்கத்தில் என் மகன் நிலவன். போடியில் கடை வைத்திருக்கும் சின்ராசு எங்களை ஏமாற்றிவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏல சென்டரில் கூடவே நின்று பார்க்காமல் என் ஏலக்காயை நான் எடை போட விட்டதில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரனையா நம்புவேன்?

நிலவனுக்கு ஏலக்காய்க் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை. வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி குடைந்த காய் எதுவும் அவனுக்குத் தப்பாது. அந்தக் கண்ணுக்குத்தான் பத்து வருடமாகச் சம்பளம். இந்த வருடம் அவன் பிரித்ததில் இரண்டு லோடு திரும்பி வந்தது. இன்னொன்று வந்தால் வீட்டிலேயே இருந்துகொள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கம்ப்யூட்டரில் பன்றி வேட்டை விளையாடுவான். கொஞ்ச நாளாகப் பன்றிதான் பக்கவாட்டில் வந்து அவனை முட்டித் தள்ளியது.

"ஓரமெல்லாம் இருட்டா இருக்குப்பா. கிராபிக்ஸ் கார்டு பழசு, படத்தை முழுசாக் காட்ட மாட்டேங்குது" என்றான்.

சின்ராசிடம் புதுக் கார்டு வாங்கி மாட்டினான். புல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது என்று குதித்தான். அரை மணி நேரம்தான். மறுபடியும் இடது பக்கத்திலிருந்து பன்றி வந்து முட்டியது.

கடைக்குள் நுழைந்ததுமே கத்தினேன். "ஏப்பா சின்ராசு, மலையில இருந்து வர்றவன்னா இளிச்சவாயனா? பழச வெளக்கிக் குடுத்திருக்கியே!"

"வெளக்கிக் குடுக்க இதென்ன பித்தளைக் குடமாண்ணே? உக்காருங்க, போட்டுக் காட்றேன்."

பெட்டியில் ஒயரைச் செருகி விளையாட்டைப் போட்டான். போன வருடம்தான் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். இலையில் பனி நிற்பது வரை தெரிந்தது. இடது மூலையில் ஒரு பாறை. அதன் பின்னால் பன்றியின் காது ஆடியது.

"அந்தா நிக்குதுடா, சுடு!"

"எங்கப்பா?"

"பாறைக்குப் பின்னால."

"பாறை எங்க இருக்கு?"

பன்றி வந்து முட்டியது. சின்ராசு என்னைப் பார்த்தான். "கார்டு கெட்டா இப்படி ஓரம் மட்டும் இருட்டாதுண்ணே. தம்பிக்குக் கண்ணக் காட்டுங்க" என்றான் மெதுவாக.

நான் விடவில்லை. பையில் ஏலத்துக்கு வைத்திருந்த சாம்பிள் காயை அவன் டீத்தட்டில் கொட்டிப் பரப்பினேன். "வெடிச்சதப் பொறுக்குடா."

நடுவில் கிடந்த ஏழு காயையும் மூச்சு விடுவதற்குள் பொறுக்கிவிட்டான். தட்டின் விளிம்பில் மூன்று காய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அவன் கை அங்கே போகவில்லை.

"முடிஞ்சிருச்சுப்பா" என்றான்.

நாலு வருடத்துக்கு முன்னால் போடியில் கண் முகாம் நடந்தது. நிலவன் கண்ணில் அழுத்தம் இருக்கிறது, தினமும் சொட்டு மருந்து விட வேண்டும், மதுரைக்கு வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். பார்வை ஓரத்திலிருந்துதான் போகும், போனது திரும்பாது என்றும் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டவன் நான்தான். நல்லாத் தெரிகிற கண்ணுக்கு மருந்து விற்கிற கூட்டம் என்று வைதுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அந்தப் புட்டியை ஏலச்செடிக்குள் எறிந்தேன். நிலவன் மறுபேச்சுப் பேசவில்லை. மதுரைக்கும் போகவில்லை.

சின்ராசு ஒயரைப் பிடுங்கினான். "கார்டத் திருப்பி எடுத்துக்கிறேன் தம்பி."

"இருக்கட்டும்ண்ணே, நடுவுல நல்லாத் தெரியுது" என்ற நிலவன் என் பக்கம் திரும்பினான். "எத்தன காய விட்டேன்ப்பா?"

"ஒண்ணும் விடலடா. வா, வெரசாப் போவோம்."

அவன் எழுந்திரிக்கவில்லை. என் பிள்ளைதானே. தட்டின் விளிம்பைச் சுற்றி விரலால் தடவினான். ஒவ்வொன்றாக மூன்றையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.